உறுமி முன்னே, கிட்டார் பின்னே

உறுமியும் கிட்டாரும் ஒரே மேடையில் ஏறும்போது முதல் இரண்டு நிமிடம் பாட்டை விட்டுவிடுங்கள். யார் யாருக்கு வழி விடுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். ட்ரம்ஸ்காரர் தாளத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, உறுமிக்காரர் நடுநடுவே இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஒதுங்கினால் அது ராக் இசைதான். உறுமி அங்கே ஊறுகாய். உறுமிக்காரர் நடையைத் தொடங்கி வைத்து, கிட்டார்காரர் அதற்குள் தனக்கு இடம் தேடினால் அங்கே நாட்டுப்புற ராக் தொடங்குகிறது.

இந்த அளவுகோலோடு சிங்கப்பூர்த் தமிழிசையைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அப்படி ஒரு குழுவுக்கு வேண்டிய அத்தனை பேரும் இந்த ஊரில் இருக்கிறார்கள். கோயில் திருவிழாக்களில் கூட்டத்தைக் கட்டிப்போடும் உறுமி மேளக் குழுக்கள் உண்டு. முப்பது ஆண்டுக்கும் மேலாக மெட்டல் வாசிக்கும் தமிழர்கள் உண்டு. தமிழில் ராப் பாடி வெளிநாட்டு ரசிகர்களைப் பிடித்தவர் உண்டு. ஆனால் ஊரே பெயர் சொல்லும் ஓர் அணியாக இவர்கள் சேரவில்லை. திறமைக் குறைவு இதற்குக் காரணமில்லை. பிறகு எதுதான் தடை?

வெளியே ஆடிய ஆட்டம்

நாட்டுப்புற ராக் வெகுமக்கள் இசைக்குள் நுழைந்த ஆண்டு 1965 என்பார்கள். அந்த ஜூனில் பேர்ட்ஸ் குழு, பாப் டிலனின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டைப் பன்னிரண்டு கம்பி மின்கிட்டாரில் வாசித்து அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஜூலை 25ஆம் தேதி நியூபோர்ட் நாட்டுப்புற விழாவில் டிலனே மின்கிட்டாரோடு ஏறினார்; கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டது. ஆனால் நமக்குப் பயன்படும் பாடம் நான்கு ஆண்டு கழித்து இங்கிலாந்தில் இருக்கிறது. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு 1969இல் 'லீஜ் அண்ட் லீஃப்' தொகுப்பை வெளியிட்டது. சாண்டி டென்னியின் குரல், ரிச்சர்ட் தாம்சனின் மின்கிட்டார், டேவ் ஸ்வார்பிரிக்கின் வயலின். புதுப்பாட்டுக்கு நாட்டுப்புறச் சட்டை மாட்டுவதை விட்டுவிட்டு, பழைய கதைப்பாட்டுகளை எடுத்து அவற்றின் போக்கில் ட்ரம்ஸை நடக்க வைத்தார்கள். பாட்டு தலைமை தாங்கியது, கருவிகள் பின்தொடர்ந்தன.

இந்தியாவில் வங்காளிகள் முந்திக்கொண்டார்கள். 1975இல் கொல்கத்தாவில் உருவான மொஹீனேர் கோராகுலி, பாவுல் என்ற வங்காள நாட்டுப்பாட்டையும் ராக்கையும் சேர்த்தது. 1990இல் டெல்லியில் இந்தியன் ஓஷன் வந்தது; 2000இல் வந்த அவர்களின் 'கந்தீசா' இன்றும் பேசப்படுகிறது. கேரளத்தின் அவியல் 2003இல் தொடங்கி மலையாள நாட்டுப்பாட்டை மின்கிட்டாரில் ஏற்றியது.

தமிழ்நாட்டுக்கு இப்படிப்பட்ட குழுக்கள் தாமதமாகவே வந்தன. காரணம், சினிமா. 1976இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்தபோது கிராமத்து மெட்டும் கிட்டாரும் வயலின் வரிசையும் ஒரே பாட்டுக்குள் அடங்கிவிட்டன. டீக்கடை வானொலியிலேயே கிடைப்பதற்குத் தனியாக ஒரு குழு எதற்கு? அந்த இடம் மெல்லத் திறக்கப் பல பத்தாண்டு ஆனது. ஆந்தனி தாசன், பிரதீப் குமார், தர்புகா சிவா சேர்ந்த லா பொங்கல் வந்தது. 2018 ஜனவரியில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் முதல் கச்சேரி நடத்தியது. கானாவும் பறையும் ராப்பும் ராக் கிட்டாரும் ஒரே மேடையில் நின்றன. 2021 மார்ச்சில் தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன் கூட்டணியின் 'எஞ்சாய் எஞ்சாமி' ஒப்பாரியின் தொனியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

இலங்கைத் தமிழர்கள் இதையெல்லாம் முன்பே ஓரளவு செய்து பார்த்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் ஏ.இ. மனோகரனின் 'சுராங்கனி'யும் எழுபதுகளில் கிட்டாரும் பைலா என்ற இலங்கை ஆட்டப்பாட்டின் நடையுமாகக் கடல் தாண்டின. அந்தப் பைலா நடை ஏன் முக்கியம் என்பதைத் தாளப் பகுதியில் பார்ப்போம்.

சிங்கப்பூர் அணி

சிங்கப்பூரில் கிட்டார் காய்ச்சல் பரவியதற்கு 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் வந்து பாடியதைச் சொல்வார்கள். சில ஆண்டுகளில் குவெஸ்ட்ஸ் போன்ற உள்ளூர்க் குழுக்கள் விற்பனைப் பட்டியலில் பீட்டில்ஸோடு மோதின. மலாய் இளைஞர்கள் அதே கிட்டாரில் மலாய் மெட்டுகளைப் பாடினார்கள். அது 'பாப் யே யே' ஆனது. பின்னர் ஸ்வீட் சேரிட்டி குழுவோடு ரம்லி சாரிப் வந்தார். 2019இல் தேசிய கீதத்தின் புதிய வடிவத்தைப் பாட அவரையே அழைத்தார்கள் என்றால், ஒரு ராக் குரல் இந்த நாட்டில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பாருங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் இரண்டு கதவுகள் மூடின. நீண்ட முடிக்கு எதிரான இயக்கத்தால் ராக் இசைக்கே கெட்ட பெயர் வந்தது. 1972இல் லெட் செப்பலின் இங்கே பாட முடியாமல் திரும்பியது. 1973இல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. குழுக்களுக்கிடையே நடந்த சண்டைகள் ஊர்வலத்தைக் குலைத்தன என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ராக் கிட்டாருக்கும் தெருமேளத்துக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கடிவாளம் விழுந்ததை நம் இசை வரலாற்றில் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. இரண்டும் சந்தித்திருக்க வேண்டிய காலம் அதுதான்.

சீனச் சமூகம் வேறு வழி கண்டது. எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் கிட்டாரை எடுத்துச் சொந்தமாக மாண்டரின் பாட்டு எழுதினார்கள். அதுதான் 'சின்யாவ்'. லியாங் வெர்ன் ஃபூக், எரிக் மூ போன்றவர்கள் அதிலிருந்து வந்தார்கள். வகுப்பறையிலும் பள்ளி வளாகத்திலும் முளைத்த இசை வானொலிக்கும் தொலைக்காட்சி நாடகத்துக்கும் போனது. 2014இல் பிராஸ் பாசா வளாகத்தில் பழைய பாடகர்கள் மறுபடி கூடியபோது மாடிப்படி வரை கூட்டம்.

தமிழில் அப்படி ஒரு மாணவர் அலை எழவில்லை. தனித்தனி ஆட்டக்காரர்கள் எழுந்தார்கள். சிங்கப்பூர் இசைக்கலைஞர் முகமது ரஃபியின் வசந்தம் பாய்ஸ் உள்ளூர்த் தமிழ்ப் பாப் இசைக்கு ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தது. 1992இல் உருவான ருத்ரா குழு, கதிரின் குரலிலும் பேஸ் கிட்டாரிலும் சிவாவின் ட்ரம்ஸிலும் நின்று, 'வேதிக் மெட்டல்' என்ற பெயரில் உலக மெட்டல் வட்டாரத்தில் இடம் பிடித்தது. 1998இல் முதல் தொகுப்பு, பிறகு 2005, 2009, 2011 என மூன்று 'பிரம்மவித்யா' தொகுப்புகள். 2005இல் வசந்தம் ஸ்டார் பாட்டுப் போட்டியில் வென்ற ஷபீர் 2012இல் 'சிங்கை நாடு' தந்தார். 'சகா' படத்தில் குறுந்தொகை வரிகளை மெட்டாக்கினார். ராப் பாடகர் யங் ராஜா 2018இல் 'முஸ்தபா' பாடித் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே மூச்சில் ஓட்டினார்.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனியுங்கள். ருத்ரா வேர் தேடியபோது சமஸ்கிருதத்துக்குப் போனது. ஷபீர் சங்கப் பாட்டுக்குப் போனார். யங் ராஜா அமெரிக்க ஹிப்ஹாப்பிடம் போனார். மூன்றுமே நல்ல ஆட்டம்தான். ஆனால் மூவரும் சிராங்கூன் சாலையில் முழங்கும் உறுமியைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். பிள்ளையை மிருதங்கத்துக்கும் பரதத்துக்கும் அனுப்பும் குடும்பம், உறுமிக் குழுவில் சேர்ந்துவிட்டான் என்றால் முகம் சுளிப்பது இன்றும் உண்டு. பறைக்கும் உறுமிக்கும் சாவு வீட்டோடும் சாதியோடும் போட்ட முடிச்சைக் கடல் தாண்டியும் நாம் அவிழ்க்கவில்லை. திறமையைச் சேர விடாமல் தடுப்பதில் முதல் பங்கு இதற்குத்தான்.

தாளம்: எங்கே சறுக்குகிறது

இனி நுட்பத்துக்கு வருவோம். உறுமிக்கு இரண்டு முகம். ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிக்கிறார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். தேய்ப்பில்தான் அந்த உறுமல் வருகிறது, கீழிருந்து மேலே வழுக்கிப் போகும் ஒரு முனகல். அடிக்கும் கை தாளம் சொல்கிறது, தேய்க்கும் கை பாட்டுச் சொல்கிறது. ஒரே கருவியில் தாளமும் சுரமும் இருப்பதால்தான் உறுமி கேட்பவரை ஆட வைக்கிறது.

மேடையில் முதல் சறுக்கல் ஒலிவாங்கியில் நடக்கிறது. அவசரத்தில் அடிக்கும் பக்கம் மட்டும் ஒரு மைக் வைத்துவிடுவார்கள். முனகல் காணாமல் போகும். உறுமி சாதாரண மேளமாகிவிடும். இரண்டு பக்கத்துக்கும் மைக் வைத்தாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. உறுமியின் முனகல் உட்காரும் அதே தாழ்ந்த இடத்தில்தான் பேஸ் கிட்டாரும் ட்ரம்ஸின் பெரிய மேளமும் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றும் ஒன்றாக முழங்கினால் சேறுதான். உறுமி முனகும்போது பேஸ் கிட்டார் விரலை எடுக்க வேண்டும். அதுபோலப் பறையின் வெடிப்பும் ஸ்நேர் மேளத்தின் வெடிப்பும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். பறை இருக்கும் பாட்டில் ஸ்நேருக்கு ஓய்வு கொடுக்கும் ட்ரம்ஸ்காரர்தான் விஷயம் தெரிந்தவர்.

இரண்டாவது சறுக்கல் நடையில். ராக் இசையின் உடம்பு நாலில் நிற்கிறது. இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் ஸ்நேர் விழும். கூட்டம் அங்கே கை தட்டும். நம் தெருமேளத்தில் பெரும்பகுதி திஸ்ரம், அதாவது மூன்று மூன்றாகப் போகும் நடை. காவடி ஆடுபவரின் கால் 'தகிட தகிட' என்றுதான் போகிறது. நாலில் பழகிய ட்ரம்ஸ்காரர் இதைச் சந்தித்ததும் அதை மெல்ல நாலாக மடித்துவிடுவார், அல்லது ஒரு சோம்பலான ஊஞ்சலாட்டத்துக்குள் தள்ளிவிடுவார். பாட்டு கெடாது, கேட்க இனிமையாகவே இருக்கும். ஆனால் காலைத் தரையிலிருந்து கிளப்பும் அந்த உந்துதல் போய்விடும்.

இங்கேதான் இலங்கைப் பைலா நமக்கு ஆசான். பைலா ஆறில் ஓடுகிறது. கிட்டார்காரரின் வலது கை மூன்று மூன்றாகக் கம்பியைச் சுரண்டுகிறது, தாளத்தோடு சண்டை போடுவதில்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தமிழர் அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டியதை சிராங்கூன் சாலையில் செய்ய முடியாதா? கிட்டார்காரர் தன் வலது கையை உறுமிக்காரரின் அடிக்கும் கையோடு கட்டிவிட வேண்டும். மின்கிட்டாரின் உறுமலையும் உறுமியின் முனகலையும் மாறி மாறி, கேள்வியும் பதிலுமாக விட வேண்டும். இரண்டுக்கும் குரல் வழுக்கும். இதைவிடப் பொருத்தமான ஜோடி வேறு எந்த நாட்டு நாட்டுப்புற ராக்கிலும் அமைவது அரிது என்பது என் கணிப்பு.

குரலும் சொல்லும்

நாட்டுப்புறப் பாடகர் மைக் இல்லாத வெளியில் பாடிப் பழகியவர். தொண்டையைத் திறந்து உச்சத்தில் பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திருப்பிப் போடுவார்கள். ராக் மேடைக்கு இது பிறவியிலேயே பொருந்தும் குரல். நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாள் 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாடியபோது அந்தக் குரலுக்கு முன்னால் மேடையின் மின்விளக்கெல்லாம் சிறியதாகத் தெரிந்தது.

சிங்கப்பூர் அணிக்கு அந்தக் குரல் எங்கே கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போய்ப் பாருங்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஊழியர்கள் புல்வெளியிலும் நடைபாதையிலும் கூடியிருப்பார்கள். கட்டுமானத் தளத்தில் வாரம் முழுக்க உழைத்தவர்களிடம் ஊர்ப் பாட்டு உண்டு. வேலை அனுமதியில் இருப்பவர் ஊதியத்துக்குப் பாட முடியாது என்பது சட்டம். ஆனால் பாட்டுக் கற்றுத்தரவும் நடையைச் சொல்லித்தரவும் அவர்களைப் போல ஆசான்கள் இல்லை. இவர்களின் எழுத்தை 2014 முதல் வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இவர்களின் பாட்டுக்கும் அப்படி ஒரு வாசல் வேண்டும்.

சொல்லிலும் நமக்கு வறுமை இல்லை. மலாயாத் தோட்டப்புறப் பாட்டில் பால்மரமும் கங்காணியும் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பாட்டுக்குச் செம்பவாங் கடற்படைத் தளம் இருக்கிறது, கெர்பாவ் சாலையின் மாட்டுக் கொட்டில்கள் இருக்கின்றன, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டிய இந்தியக் கைதிகள் இருக்கிறார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நடக்கும் கல்யாணமும் சாவும் இருக்கின்றன. இவற்றை விட்டுவிட்டுச் சென்னைச் சேரியைப் பற்றியோ மதுரை வீச்சரிவாளைப் பற்றியோ இங்கிருந்து பாடினால் அது இரவல்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'எஞ்சாய் எஞ்சாமி'யின் வெற்றிக்குப் பிறகு பாட்டின் சொந்தக்காரர் யார் என்ற சண்டை வந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்தில் ராப் பாடகர் அறிவு இல்லாதது பெரும் கண்டனத்தைக் கிளப்பியது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வைச் சொல்லாக்கியவர் அவர். நாட்டுப்புறப் பாட்டு ஊர்ச்சொத்து என்று சொல்லிப் பெயரும் பணமும் ஒருவருக்கே போவது பழைய வழக்கம். இங்கே தொடங்குகிறவர்கள் முதல் நாளே யார் சொல், யார் மெட்டு, யார் நடை என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஆடுகளம்

தைப்பூசத் தடை ஒரே நாளில் நீங்கவில்லை. 2016இல் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரையிலான பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இந்து அறக்கட்டளை வாரியம் ஏற்பாடு செய்தது. 2019இல் குறிப்பிட்ட இடங்களில் தாள வாத்தியங்களுக்கும் அனுமதி வந்தது.

இதில் ஒரு நுட்பமான மாற்றம் நடந்தது. மரபில் மேளம் காவடியோடு நடக்கும். இங்கே மேளம் ஓரிடத்தில் நிற்கிறது, காவடிகள் அதைக் கடந்து போகின்றன. ஒவ்வொரு காவடிக்கும் கிடைப்பது சில நிமிடம். அதற்குள் நடையைப் பிடித்து, ஆட வைத்து, வழியனுப்பிவிட்டு அடுத்தவரை வரவேற்க வேண்டும். நின்ற இடத்தில் வாசிப்பது, சில நிமிடத்தில் ஆளைக் கட்டிப்போடுவது, களைத்தாலும் வேகம் விடாதது. ஒரு ராக் குழுவுக்கு வேண்டிய பயிற்சியில் பாதி இது. சட்டம் போட்ட வேலிக்குள்ளேயே நம் உறுமிக் குழுக்கள் மேடைக்குத் தயாராகிவிட்டன.

மேடைகளோ பிரிந்து கிடக்கின்றன. எஸ்பிளனேட் கலையரங்கில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலைவிழா ஆண்டுதோறும் நடக்கிறது. அதே எஸ்பிளனேடில் பேபீட்ஸ் என்ற ராக் விழாவும் நடக்கிறது. இரண்டுக்கும் ஒரே கட்டடம், ஒரே திறந்தவெளி அரங்கம், ஆனால் வேறு வேறு நாள், வேறு வேறு கூட்டம். உறுமியை ஒரு வாசலிலும் மின்கிட்டாரை இன்னொரு வாசலிலும் விடுகிறோம். கேம்பல் லேனில் பொங்கல் விழாவும் இந்திய மரபுடைமை நிலையமும் இருக்கின்றன. அங்கே மரபு காட்சிக்கு வைக்கப்படுகிறது, புதிதாக மோதிப் பார்க்க இடம் குறைவு. வீட்டில் உறுமி பழகினால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். பழகுவதற்குச் சமூக மன்றங்களை விட்டால் கதி இல்லை.

தீர்ப்பு

தாளம் முதல் தரம். கிட்டார் முதல் தரம். குரல் இருக்கிறது, மேடைக்கு வரவில்லை. சொல் இருக்கிறது, எழுதப்படவில்லை. களம் இருக்கிறது, இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இந்த அணி தோற்றதாகச் சொல்ல முடியாது, இன்னும் ஆடவே இல்லை.

சென்னையிலிருந்து குழுக்களை வரவழைத்துக் கை தட்டுவது நல்ல ரசனை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சின்யாவ் வெளியிலிருந்து வரவில்லை, பாப் யே யேயும் வரவில்லை. இரண்டும் இந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் கையில் இருந்ததை எடுத்துச் செய்தவை. நம் பிள்ளைகளின் கையில் உறுமி இருக்கிறது. அதைக் கோயில் வாசலோடு நிறுத்திவிட்டு, நாட்டுப்புற ராக் நம்மிடம் இல்லையே என்று ஏங்குவதில் பொருள் இல்லை.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கலா உத்சவத்தில் ஒரே ஒரு மாலை நேரத்தை உறுமிக் குழு ஒன்றுக்கும் ராக் குழு ஒன்றுக்கும் சேர்த்துக் கொடுங்கள். மூன்று மாதம் முன்பே கொடுங்கள், பழக நேரம் வேண்டும். சமூக மன்றங்கள் வாரம் ஓர் அறையைத் திறந்து விடட்டும். குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேடையில் ட்ரம்ஸைப் பக்கவாட்டில் வையுங்கள், நடுவில் உறுமி நிற்கட்டும், நடையை அவர் எடுக்கட்டும். கிட்டார்காரரே, நீங்கள் இரண்டு ஆவர்த்தனம் சும்மா நின்று கேளுங்கள், பிறகு வாசியுங்கள்.